காளான் பொடியும் எதிர்ப்பாற்றலும்

லிங்சி, ஷிடாகே காளான் பொடிகள் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை சொல்வது முழுப் பொய்யில்லை. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. காளானின் செல்சுவரில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதை அடையாளம் காண வெள்ளணுக்களின் மேல் டெக்டின்-1 என்ற ஏற்பி உண்டு. பூஞ்சைத் தொற்று வந்துவிட்டதென்று அந்த அணுக்கள் உஷாராகின்றன.

ஷிடாகேயிலிருந்து பிரித்தெடுத்த லென்டினான் என்ற பீட்டா குளுக்கானை ஜப்பான் 1985இல் இரைப்பைப் புற்றுநோய்க்குத் துணை மருந்தாக அங்கீகரித்தது உண்மை. ஆனால் அது சுத்திகரித்து, கீமோதெரபியுடன் சேர்த்து ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து. அந்தப் பெருமையைக் காட்டி டப்பாவில் பொடி விற்பது நியாயமே இல்லை. தானியத்தில் காளானின் வேர்போன்ற பூசண இழையை வளர்த்து அப்படியே அரைத்த பொடியில் தானிய மாவும் கலந்திருக்கும். லேபிளில் 'பாலிசாக்கரைடு' (எல்லா வகைச் சர்க்கரைச் சங்கிலிகளுக்கும் பொதுப்பெயர்) என்று மட்டும் போட்டிருந்தால் அந்த மாவுச்சத்தும் கணக்கில் சேர்ந்துவிடும். பீட்டா குளுக்கான் அளவைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

என் பெரிய கவலை வேறு. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எதிர்ப்பாற்றலை அடக்கத்தான் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். எதிர்ப்பாற்றல் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோயாளிகளில் பலரும் அப்படித்தான். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. கட்டுரையில் அதற்கு ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லையே! தயவுசெய்து சேருங்கள்.

ஷிடாகே அருமையான உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். நன்றாக வேகவைக்க வேண்டும், அவ்வளவுதான். அரைவேக்காட்டில் தின்றால் சிலருக்கு முதுகில் சாட்டையால் அடித்ததுபோல் சிவந்த கோடுகள் கிளம்பிவிடும். அதற்கும் இதே லென்டினானைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.