எப்போது பார்த்தாலும் சிவப்பு

வண்ணார்பேட்டையில் எங்கள் கால் சென்டர். காலை ஷிப்ட் தொடங்கிப் பத்து நிமிடத்தில் வந்ததே இரண்டு அழைப்பு. ஒன்றை எடுக்க 25 நொடி ஆகிவிட்டது. அவ்வளவுதான், அழைப்புகளைக் கண்காணிக்கும் திரை முழுக்கச் சிவப்பு! நூற்றுக்கு 80 அழைப்பை 20 நொடிக்குள் எடுக்க வேண்டுமாம். சரி, இரண்டில் ஒன்று தாமதித்தால் 50 சதவீதம்தானே வரும்? இதற்கெல்லாம் ஒரு அலாரமா? குறைந்தது இத்தனை அழைப்பு வந்த பிறகு கணக்கிடு என்று ஒரு எண்ணைப் போட்டுவைக்க யாருக்கும் தோன்றாதா?

அப்புறம் பேச்சு நேரம். ஐந்து நிமிடம் தாண்டினால் என் பெயர் மஞ்சளாகிவிடும். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு ஆச்சி, கண்ணாடியைத் தேடி எடுத்து, ரசீது எண்ணை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். "நாலு... இல்ல தாயி, ஒம்பது." அவரிடம் போனை வையுங்கள் என்றா சொல்வது?

போன வாரம் லைன் நிஜமாகவே செத்துக் கிடந்தது. அன்றைக்கும் அதே சிவப்புதான். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.