பிராஞ்ச் பெயரை விடு, ஐந்தாவது செமஸ்டரைப் பார்

அக்கா பையன் நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணினான். "மாமா, ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா? நாளைக்குள்ள சொல்லியாகணும்."

"ரெண்டுலயும் அஞ்சாவது செமஸ்டர்ல என்னென்ன பேப்பர்டா?"

பார்க்கவே இல்லையாம். மூன்று வாரமாக யூடியூபில் சம்பளக் கணக்குதான் பார்த்திருக்கிறான்.

இன்ஜினியரிங்கில் முதல் வருஷம் எந்த பிராஞ்ச் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. கணக்கு, பிசிக்ஸ், டிராயிங், கொஞ்சம் புரோகிராமிங். சுயரூபம் தெரிவது மூன்றாம் வருஷத்தில்தான். சிலபஸ் யுனிவர்சிட்டி வெப்சைட்டிலேயே கிடக்கும். அதைத் திறக்காமலே நாலு வருஷத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

லைனில் இருக்கும்போதே திறக்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் சயின்ஸில் ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், கம்பைலர் (நாம் எழுதுகிற புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றுவது) மூன்றும் தனித்தனி பேப்பர். ஏ.ஐ.யில் கம்பைலரே இல்லை, அந்த இடத்தில் புள்ளியியலும் மெஷின் லேர்னிங்கும். இரண்டுமே நல்ல படிப்புதான். புள்ளியியல் என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற இவன் எதற்கு அதில் போய் விழ வேண்டும்?

புதுப் பெயர் என்பதற்காக நான் முகம் சுளிக்கவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸே ஒரு காலத்தில் புதுப் பெயர்தான். 1962-ல் பர்டூ யுனிவர்சிட்டி ஆரம்பித்ததைத்தான் அமெரிக்காவின் முதல் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை என்கிறார்கள். அதுவரை கணிதத்திலும் எலக்ட்ரிக்கலிலும் ஒண்டுக்குடித்தனம்.

பழைய பெயர்களும் ஏமாற்றும். கெமிக்கல் என்றால் கெமிஸ்ட்ரி என்று நம்பிச் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். உள்ளே போனால் குழாயில் திரவம் ஓடும் கணக்கு, வெப்பம் கடத்தும் கணக்கு, திரவங்களைக் காய்ச்சிப் பிரிக்கிற டிஸ்டிலேஷன் கோபுரத்துக்கு எத்தனை தட்டு வேண்டும் என்று கிராஃப் தாளில் படிக்கட்டு போடுவது. 1887-ல் மான்செஸ்டரில் ஜார்ஜ் டேவிஸ் இந்தத் துறைக்கென்று 12 சொற்பொழிவுகள் நடத்தியபோதே விஷயம் தொழிற்சாலைதான், சோதனைக்குழாய் அல்ல.

என் கதை இன்னும் மோசம். மார்க் இழுத்த இழுப்பில் மெட்டலர்ஜியில், அதாவது உலோகப் படிப்பில், விழுந்தவன் நான். இரண்டு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தேன். அப்புறம் ஒரு லேப். கட்டைவிரல் அகல எஃகுத் துண்டை எமரி தாளில் தேய்க்க வேண்டும், தாள் மாற்றும்போதெல்லாம் தொண்ணூறு டிகிரி திருப்பி. கை மரத்துப்போகும். கடைசியில் சுழலும் வெல்வெட் துணியில் பிடித்தால் கண்ணாடி மாதிரி ஆகும். ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தைச் சில விநாடி காட்டி, கழுவி, உலர்த்தி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வெறும் இரும்பென்று நினைத்ததற்குள் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள், நடுவே கைரேகை மாதிரி வரிவரியாக பெர்லைட் என்கிற அடுக்குகள். அன்றைக்கு லேப் முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் நகரவில்லை.

அது அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அப்படி அமையாது. என் பக்கத்து பெஞ்ச்காரன் கடைசிவரை அந்த லேப்பைச் சபித்துக்கொண்டேதான் டிகிரி வாங்கினான். அதனால்தான் "எதை எடுத்தாலும் போகப்போகப் பிடிச்சிடும்" என்கிற பெரியவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. "சம்பளம் வர்றதை எடு" என்கிறவர்கள் மேலும் அதே எரிச்சல்தான். இன்றைய சம்பளத்தை நாலு வருஷம் தள்ளி யார் தரப்போகிறார்கள்?

காலையில் பையனிடமிருந்து மெசேஜ்: "மாமா, ஆறாவது செமஸ்டரும் பாத்துட்டேன். லேப் லிஸ்ட் எந்தப் பக்கத்துல இருக்கும்?"