ஆஃப் என்றால் என்னதான் அர்த்தம்?

"அலாரம் வென்ட் ஆஃப்" என்று மெயிலில் இருந்தது. அணைந்துவிட்டது போல என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அது அலறிக்கொண்டிருந்ததாம்! விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் அணைகிறது, அலாரம் என்றால் அடிக்கிறது, குண்டு என்றால் வெடிக்கிறது, பால் என்றால் கெட்டுப்போகிறது. ஒரே சொல்லுக்கு இத்தனை வேஷமா? கோ தெரியும், ஆஃப் தெரியும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றும் தெரியாது. சரி, அர்த்தத்தை மனப்பாடம் செய்தால் விட்டுவிடுகிறதா? 'டர்ன் இட் ஆஃப்' சரி, 'டர்ன் ஆஃப் இட்' தப்பு. அப்புறம் பார்த்தால் 'லுக் ஆஃப்டர் இட்' சரி, 'லுக் இட் ஆஃப்டர்' தப்பு! அந்த 'இட்'டை எங்கே வைப்பது என்று யோசிப்பதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். எத்தனை வருஷமாக இந்தப் பாடு!