ஹோஸ்டிங் எதுக்கு தம்பி, லேப்டாப்பே போதும்

மேல ஒருத்தர் ஜாங்கோ (பைத்தான் மொழியில வெப்சைட் செய்ய உதவுற ரெடிமேட் ஃபிரேம்வொர்க்) கத்துக்கணும்னா மொதல்ல காசு குடுத்து ஹோஸ்டிங் (சைட்டை நெட்ல வைக்கிற வாடகை இடம்), டொமைன் (சைட்டோட நெட் பேரு) வாங்கணும், நெட்டும் விடாம இருக்கணும்னு போட்டிருக்காரு, அது தப்புங்க. பைத்தான், ஜாங்கோ ரெண்டும் இலவசம், இன்ஸ்டால் பண்ற அன்னிக்கு மட்டும் நெட் இருந்தா சரி, அப்புறம் ஜாங்கோ கூடவே வர்ற ரன்சர்வர் கமாண்ட் குடுத்துட்டு பிரவுசர்ல 127.0.0.1:8000 அடிச்சா உங்க சைட் உங்க மிஷின்லயே ஓடும், தகவல் சேமிக்கிற டேட்டாபேஸுக்கும் எஸ்கியூலைட் (SQLite) பைத்தான் கூடவே வந்துடுது. எங்க வலங்கைமான் பக்கம் நாலு தூறல் விழுந்தாலே நெட் படுத்துக்கும், அப்பவும் நான் பாட்டுக்கு கோட் அடிச்சுட்டுதான் இருக்கேன். ஆனா ஒண்ணு, ரன்சர்வர் நம்ம டெஸ்டிங்குக்கு மட்டும்தான், ஊருக்கே தொறந்து விடுறப்ப அதையே ஓட்டாதீங்க, ஹோஸ்டிங் பேச்சு அப்ப வரட்டும். மறக்காம வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒவ்வொரு புராஜெக்டுக்கும் பேக்கேஜ்களை தனித்தனியா வைக்கிற இடம்) போட்டுட்டு ஆரம்பிங்க தம்பி, இல்லன்னா ரெண்டாவது புராஜெக்ட்ல வெர்ஷன் சண்டை வரும்.