'நாம்' என்றால் யார் யார்?
தலைவர் 'நான்' என்பதை விட்டு 'நாம்' என்று பேச ஆரம்பித்தாலே டீம் ஒன்றாகிவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஒன்றாகும், சரி, ஆனால் யாருக்கு எதிராக? 1970களின் தொடக்கத்தில் சமூக உளவியலாளர் ஹென்றி தஜ்ஃபெல் ஒரு சோதனைக்காக ஓவிய ரசனையைச் சாக்காக வைத்துப் பள்ளிப் பையன்களை இரண்டாகப் பிரித்தார். தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்பதுபோல் பலர் இரு குழுவினருக்கும் பணத்தைப் பங்கிட்டார்கள். எங்கள் விற்பனைக் குழுவிலும் அதே கதைதான்: தனிப் பெயர், டி-ஷர்ட், வாட்ஸ்அப் குரூப் எல்லாம் வந்த மூன்றாவது மாதம், வாடிக்கையாளர் தேதி மாற்றியதை டெலிவரி டீமுக்குச் சொல்லாமல் 'அவங்களே கேக்கட்டும்' என்று உட்கார்ந்திருந்தோம், நானும்தான். டீம் அவுட்டிங் போனால் சரியாகிவிடும் என்பார்கள்; அதெல்லாம் இதற்கு மருந்தில்லை. எங்களுக்கு நிலைமை மாறியது இரண்டு டீமுக்கும் ஒரே டார்கெட் வைத்த பிறகுதான்.