விக்கர்ஸை மறந்துவிட்டீர்களே
ஆபரா என்னும் மேற்கத்திய இசை நாடகத்தில் டெனர் பாடகர்களை, அதாவது உச்சக் குரலில் பாடும் ஆண்களை, விமர்சகர்கள் புகழ்வதெல்லாம் உச்ச ஸ்தாயிக்காகத்தான், நடிப்பை யாரும் கண்டுகொள்வதில்லை என்று உங்கள் கட்டுரை சொல்வது இத்தாலிய டெனர் பவரொட்டிக்கு வேண்டுமானால் பொருந்தும். 1972-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் டோனிசெட்டியின் ஆபரா ஒன்றில் ஒரே பாட்டில் ஒன்பது முறை மேல் 'சி' என்ற மிக உயர்ந்த சுரத்தை அவர் பிடித்தார். பேச்செல்லாம் அதைப் பற்றியே. ஆனால் கனடா நாட்டு டெனர் ஜான் விக்கர்ஸை எங்கே வைப்பீர்கள்? பெஞ்சமின் பிரிட்டனின் 'பீட்டர் கிரைம்ஸ்' ஆபராவில், ஊரே சந்தேகப்படும் அந்த மீனவனாக அவர் மேடையில் வாழ்ந்ததைத்தானே எழுதித் தீர்த்தார்கள்! இத்தனைக்கும் அந்தப் பாத்திரம் பீட்டர் பியர்ஸ் என்ற டெனரின் மெல்லிய குரலை மனதில் வைத்து எழுதப்பட்டது. 1945-இல் முதலில் பாடியவரும் அவரே. விக்கர்ஸ் செய்த கிரைம்ஸ் இசையமைத்த பெஞ்சமின் பிரிட்டனுக்கே ரசிக்கவில்லை என்பார்கள், அது வேறு கதை. ஒலிப்பதிவைக் கேட்டாலே போதும் என்று இதே கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் வாசகர், லண்டன் கோவென்ட் கார்டன் ஆபரா அரங்கில் 1981-இல் எடுத்த வீடியோவைப் பார்க்கட்டும். கடைசியில் கிரைம்ஸ் புத்தி பேதலித்துப் பாடும் இடத்தில் ஆர்கெஸ்ட்ராவே கிடையாது. தூரத்தில் ஊரார் அவன் பெயரைக் கூவுவதும் மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் சங்கொலியும்தான். மேல் 'சி'யும் இல்லை. அங்கே அந்த முகத்தையும் தடுமாறும் உடம்பையும் பார்க்காமல் பாதிகூடப் புரியாது. மற்றபடி, விக்கர்ஸ் பாடிய இத்தாலிய வேடங்கள் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன்.