நார் நாராகப் பிரியும் கயிறு போலியா? உண்மை விளக்கம்

காசிமேடு, ராயபுரம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பிளாஸ்டிக் கயிற்றின் இழையை நகத்தால் கீறுங்கள். நீளவாக்கில் நாராகப் பிரிந்தால், அது கேரி பேக் கழிவில் செய்த போலி." இது தவறு. இதை நம்பி நல்ல கயிற்றைக் கழிக்காதீர்கள்.

இந்தக் கயிறு செய்யும் பிளாஸ்டிக்கான பாலிப்ரோப்பிலீனை உருக்கி இழையாக்கியதும், மறுபடி சூடேற்றிப் பல மடங்கு நீளத்துக்கு இழுப்பார்கள். தாறுமாறாகக் கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் இழுத்த திசையில் வரிசையாகிவிடும். நீளவாக்கில் வலு ஏறும். சங்கிலிகளுக்கு இடையிலான பிடிப்பு பலவீனம் என்பதால் பக்கவாட்டில் பிரியும். கழிவு கலந்திருக்கிறதா என்பதை நகம் சொல்லாது.

கேரி பேக்கில் ஒரு பட்டை வெட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மெலிந்து, வெளுத்து, நீண்டுகொண்டே போகும். பிறகு சட்டென்று விறைத்துக் கையை அறுக்கும். பொருள் அதேதான், உள்ளே அடுக்கு மட்டுமே மாறியது.

கயிற்று நுனியைத் தீயில் காட்டினால் சுருங்கி உருண்டையாவதும் இதனால்தான்: வரிசை குலைகிறது, அங்கே வலுவும் போகிறது. அறுந்த கயிற்றை உருக்கி ஒட்டிப் படகு கட்டவே கூடாது. வெயிலில் கிடந்து, தொட்டால் பொடியாக உதிரும் கயிற்றைத்தான் உடனே மாற்ற வேண்டும்.